எந்த டேபிளுக்கு?

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுபவர் காலடியில். இன்னொன்று பக்கத்து சீட்டில் இருப்பவர் காலடியில். பதினோரு வருடமாக அந்த இரண்டாவது பிரேக் அவளுடையது.

அதைத் தொடுவதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. முதலில் வாய். சொல்லிப் பார்ப்பாள். கேட்கவில்லை என்றால் கை. ஸ்டியரிங்கை ஒரு விரலால் நகர்த்துவாள். கடைசியில்தான் கால். கால் வைத்தால் வண்டி நிற்கும். ஆனால் ஓட்டியவருக்கு, தான்தான் ஓட்டினோம் என்ற நினைப்பு போய்விடும். அதனால் வைப்பதற்கு முன் சொல்வாள். சொல்ல நேரமில்லாமல் வைத்துவிட்டால், வைத்த கையோடு ஏன் என்று சொல்லிவிடுவாள். இது ஸ்கூல் சட்டம் இல்லை. அவள் சட்டம்.

ஐந்து வருடத்துக்கு முன் மூத்தவள் பிறந்தபோது அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பனிக்குடத்தை உடைத்தார்கள். கையில் ட்ரிப் ஏறியது. கூட்டமாக வந்தார்கள், கூட்டமாகப் போனார்கள். எல்லாம் முடிந்து, குழந்தை துணிக்குள் சுருண்டு கிடக்க, காலடியில் ஒரு டாக்டர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள்.

"என்ன தைக்கிறீங்க?"

"வெட்டினதைத்தான்."

"எப்ப வெட்டினீங்க?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டோமே. சரின்னாரே."

தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். அப்போதும் அவன் தலையாட்டிக்கொண்டுதான் நின்றான்.

அவன் பதினான்கு வருடமாக ஓட்டலில் சர்வர். குடி கிடையாது, கோபம் கிடையாது, வீட்டு வேலைக்கு முகம் சுளிப்பது கிடையாது. ஒரே ஒரு குறை. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பான். ஓட்டல் சமையல்கட்டில் அவனுக்குப் பெயரே அதுதான். "சரிங்க, மூணாம் டேபிள் ரெடி" என்று கூப்பிடுவார்கள். அதற்கும் "சரிங்க" என்றுகொண்டு போவான்.

அன்று அவன் அழுதான். அவளும் விட்டுவிட்டாள். தையல் மூன்று வாரத்தில் ஆறியது. கேட்காமல் செய்தது ஆறவில்லை.

இப்போது வயிற்றில் இரண்டாவது. எட்டு மாதம் முடிந்திருந்தது. இந்த முறை ஒன்று மட்டும் நடந்தாக வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். எதைச் செய்தாலும் அவளைக் கேட்டுச் செய்ய வேண்டும். வலியோ, தையலோ, ஆபரேஷனோ, மற்றதெல்லாம் அப்புறம்.

அதிர்ஷ்டமும் அவள் பக்கம் இருந்தது. அவளிடம் கார் கற்றுக்கொண்டிருந்தது சாட்சாத் இந்த முறையும் அவள் போகப்போகும் ஆஸ்பத்திரியின் பிரசவ டாக்டர்.

டாக்டரம்மா இரண்டு முறை டெஸ்டில் தோற்றவர். ஆயிரம் குழந்தைகளை வெளியே எடுத்த கை, மூன்றாவது கியரைத் தேடி முதல் கியருக்குப் போகும்.

"டீச்சர், லாரி."

"லாரிக்கும் கண்ணு இருக்கு டாக்டரம்மா. நீங்க போங்க."

"உங்க கால் பிரேக்மேல இருக்கா?"

"இல்லை."

"சும்மா வச்சுக்கக் கூடாதா? ஒரு தைரியத்துக்கு."

"தேவைப்பட்டா வைப்பேன். வைக்கறதுக்கு முன்னாடி சொல்வேன்."

லாரி போய்விட்டது. டாக்டரம்மா மூச்சை விட்டார். அடுத்த சிக்னலில் வண்டி நின்றதும் அவள் கேட்டாள்.

"உங்க வார்டுல அப்படிச் சொல்வீங்களா? செய்யறதுக்கு முன்னாடி?"

சிவப்பு விளக்கு பச்சையாயிற்று.

"எல்லா நேரமும் சொல்றதில்லை டீச்சர்" என்றார் டாக்டரம்மா. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டி அணைந்துபோயிற்று.

மறுவாரம் அவள் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். எது வேண்டும், எது வேண்டாம், எது வேண்டாம் ஆனால் கேட்டால் யோசிக்கலாம். டாக்டரம்மா வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கடைசி வரி வரை படித்தார்.

"அழகா இருக்கு. யார் படிப்பா?"

"நீங்க."

"நான் இங்க நிழல்ல உக்காந்து படிக்கறேன். அங்க வலியோட ஏழு பேர் இருப்பாங்க. நாலு பக்கத்தைப் பாத்தா இது ஏதோ கோர்ட் கேஸுன்னு மடிச்சு ஃபைல்ல வச்சுடுவாங்க. எனக்கு முதல் நாள் என்ன குடுத்தீங்க?"

முதல் நாள் எல்லோருக்கும் கொடுப்பதுதான். டாஷ்போர்டில் ஒட்டிய ஓர் அட்டை. மூன்று வரி. கண்ணாடியைப் பார். இண்டிகேட்டர் போடு. பிறகு திரும்பு.

அன்று மாலையே அவள் நான்கு பக்கத்தை ஓர் அட்டையாக்கினாள்.

செய்வதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள்.
ஆபத்தா, காத்திருக்கலாமா, வேறு வழி உண்டா என்று சொல்லுங்கள்.
பதிலை என் வாயிலிருந்து கேளுங்கள்.

அடுத்த வகுப்பில் டாக்டரம்மா அதை ஸ்டியரிங்கின் மேலேயே வைத்து இன்னொரு வரி சேர்த்தார். உயிருக்கு ஆபத்து என்றால் செய்துகொண்டே சொல்லுங்கள்.

"இது எதுக்கு?"

"இது இருந்தா எங்க ஆளுங்க பயப்பட மாட்டாங்க. பயமில்லேன்னா மத்த மூணு வரியையும் படிப்பாங்க." கீழே கையெழுத்துப் போட்டார். "அது கிடக்கட்டும், நான்தான் இருக்கேனே."

அந்தக் கடைசி வார்த்தையில் அவளுக்கு உடம்பே லேசாயிற்று. இருந்தாலும் மாற்றுச் சக்கரம் ஒன்று பின்னால் இருப்பது நல்லது. கணவனையும் பழக்க ஆரம்பித்தாள்.

தினமும் அவன் வேலை முடிந்து வந்ததும் ஒத்திகை. அவள் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டால் டாக்டர். சோபாவில் இரண்டு தலையணை படுத்தால் அது அவள். மூத்தவள் நோட்டும் பென்சிலுமாக எதிரே உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு "சரிங்க"வுக்கும் ஒரு கோடு.

"இவங்களுக்கு வலி போதலை. ட்ரிப் போட்டுடலாம்."

"சரி..." அவன் நாக்கைக் கடித்தான். "சரியா இருக்குமாங்க?"

"இருக்கும். போட்டுடலாம்."

"சரிங்க."

கோடு.

"ஏங்க, போன தடவை வெட்டினாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இப்ப மறுபடியும் வெட்டப் போறேன்னு சொல்றேன். வெட்டிடலாமா?"

"சரிங்க."

"என்னையா?"

"நீ டாக்டரா பேசினே டீச்சர். நான் டாக்டர்னு நினைச்சு சொல்லிட்டேன்."

"அதான் சிக்கலே."

"அப்பா, பதினேழு" என்றாள் மூத்தவள்.

அவன் தலையணை ஓரத்தில் உட்கார்ந்தான். "வாய் வரமாட்டேங்குது. ஒருத்தர் சூப்ல உப்பு இல்லைன்னா, இருக்குன்னு சொல்ல முடியுமா? அப்படியே பழகிப்போச்சு."

"பதினாலு வருஷத்துல ஒரு தடவைகூட யாருக்கும் முடியாதுன்னு சொன்னதில்லையா?"

யோசித்தான். "இல்லை. ஆர்டரைப் படிச்சுக் காட்டுவேன். பாதிப் பேர் அவங்களே மாத்திக்குவாங்க."

"அதெல்லாம் ஓட்டல்ல."

"சரிங்க."

"பதினெட்டு."

அவளுடைய அக்கா பிரசவத்தன்று மூத்தவளைப் பார்த்துக்கொள்ள வருவதாக இருந்தது. ஒரு நாள் வந்தவள் நோட்டை வாங்கிக் கோடுகளை எண்ணிப் பார்த்தாள். "உன் வீட்டுக்காரரை நம்பிப் போறதுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிட்டுப் போ" என்றாள். "அதுவாவது தலையாட்டாது."

"டாக்டரம்மா இருக்காங்கக்கா."

"அப்ப சரி."

டெஸ்டுக்குத் தேதி வாங்கிக் கொடுப்பது அவள் வேலை. டாக்டரம்மாவுக்கு லீவு கிடைப்பது வியாழக்கிழமை மட்டும். அடுத்த மாதம் மூன்றாவது வியாழன் காலியாக இருந்தது. அவளுக்குக் குறித்திருந்த நாளுக்கு அது பன்னிரண்டு நாள் முன்னால். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று தினம் பத்துப் பேருக்குப் படித்துப் படித்துச் சொல்பவள் அவள். பன்னிரண்டு நாள் தாராளம் என்று நினைத்தாள்.

முன்னால் போகும் வண்டி திடீரென்று நிற்கும் என்பதையும் அவள்தான் சொல்லிக்கொடுப்பாள். அது அன்று நினைவுக்கு வரவில்லை.

வியாழன் காலை ஒன்பது மணி. டெஸ்ட் நடக்கும் மைதானத்துக்கு டாக்டரம்மாதான் ஓட்டினார். இரண்டாவது சிக்னலில் அவள் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். நான்காவது சிக்னல் தாண்டி மறுபடியும் பிடித்தாள்.

"நான் ஓட்டறது அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"ரோட்டைப் பாருங்க."

"டீச்சர். பன்னிரண்டு நிமிஷத்துல ரெண்டு தடவை பிடிச்சுட்டீங்க."

"இடது பக்கம் சைக்கிள்."

"சைக்கிளைப் பாத்தாச்சு. இது வலி."

"எனக்குத் தெரியாதா? இண்டிகேட்டர் போட்டு ஓரமா நிறுத்துங்க. கண்ணாடி பாத்துட்டு."

டாக்டரம்மா கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக நிறுத்தினார். அவர் நிறுத்தியதிலேயே அதுதான் ஒழுங்காக நிறுத்தியது. வயிற்றின் மேல் கை வைத்து அடுத்த வலி வந்து போகும்வரை இருந்தார்.

"தலை கீழதான் இருக்கு. நேரம் இருக்கு. ஆஸ்பத்திரிக்குத் திருப்பறேன்."

"திருப்பினா அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சு. மூணாவது தடவையா தோத்த கணக்குல எழுதுவாங்க. அவர் ஓட்டல் இங்கேர்ந்து ரெண்டு தெரு. வந்து கூட்டிட்டுப் போவாரு."

"நான் இல்லாமயா?"

இருவரும் ஒரே நேரத்தில் அட்டையை நினைத்தார்கள். அது ஆஸ்பத்திரி ஃபைலில் இருந்தது.

"இன்னிக்கு டியூட்டில இருக்கறவர் நல்லவர்தான்" என்றார் டாக்டரம்மா. "கெட்டிக்காரர். ஆனா கடிகாரத்தைப் பாத்துட்டே நடப்பார். கொஞ்சம் பேசணும் அவர்கிட்ட."

"பேசிக்கறேன். வாய் இருக்கே எனக்கு." சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். "ரிவர்ஸ் எடுக்கும்போது தோளைத் திருப்புங்க. கழுத்தை மட்டும் திருப்பாதீங்க."

கணவன் டாக்ஸியில் வந்தான். ஓட்டலில் இருந்தபடியே வந்திருந்தான். இடுப்பில் கறுப்பு ஏப்ரன். அதன் பையில் ஆர்டர் புத்தகம். காதில் பேனா.

"எங்க போகணும்?" என்றார் டாக்ஸிக்காரர்.

"நீங்க சொல்ற இடத்துக்குங்க" என்றான் அவன். அவள்தான் ஆஸ்பத்திரி என்று சொன்னாள்.

பிரசவ அறையில் மூத்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். அகலமான தோள், சட்டையில் குத்திய சின்னக் கடிகாரம், எதற்கும் பதறாத முகம். ஃபைலைப் புரட்டி அட்டையை எடுத்தாள்.

"என்னம்மா இது, லைசென்ஸா?"

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்."

நர்ஸ் நான்கு வரியையும் உதடு அசையப் படித்தாள். கையெழுத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். கட்டில் காலில் தொங்கிய பலகையில் மற்றக் காகிதங்களோடு செருகி வைத்தாள். அதற்கு மேல் வேறு காகிதங்கள் வந்தன. பதினோரு மணிக்குக் கருப்பை வாய் ஆறு சென்டிமீட்டர் திறந்திருந்தது. நல்ல வேகம் என்றாள் நர்ஸ். வலி வந்தபோதெல்லாம் அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், சுவரைத் தள்ளினாள், கணவன் தோளைக் கடித்தாள். அவன் அதற்கும் தலையாட்டினான்.

இரண்டு மணிக்கும் ஆறு சென்டிமீட்டர்தான்.

டியூட்டி டாக்டர் வந்தார். உயரம். சட்டைப் பையில் மூன்று பேனா. உள்ளே நுழைந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பலகையை, பிறகு நர்ஸை.

"மூணு மணி நேரமா நகரலை. பனிக்குடத்தை உடைச்சு ட்ரிப்பை ஆரம்பிச்சுடலாம்." கணவன் பக்கம் திரும்பினார். "என்ன சார், செஞ்சுடலாம்ல?"

அந்த நேரம் பார்த்து அவளுக்கு வலி ஏறியது. சொல்ல வேண்டியது எல்லாம் தயாராக இருந்தது. வாரக்கணக்காகச் சொல்லிப் பார்த்தது. ஆனால் வாயைத் திறந்தால் மூச்சு மட்டும் வந்தது. பதினோரு வருடமாக முதலில் வாய், முதலில் வாய் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

அவன் உதடு "ச"வுக்குப் பிரிந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு தடவை படிச்சுக் காட்டிடறேங்க."

கண்ணைத் திறந்தாள். அவன் காதில் இருந்த பேனா கையில் இருந்தது. இடது உள்ளங்கையில் ஆர்டர் புத்தகம். இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்து நின்றான். மேஜை முன்னால் நிற்பதுபோல.

"பனிக்குடம் உடைக்கறது, ஒண்ணு. ட்ரிப், ஒண்ணு. அவ்வளவுதானுங்களா?"

"ஆமா."

"இது எந்த டேபிளுக்குங்க?"

"என்னது?"

"மன்னிக்கணும். எந்த பெட்டுக்குங்க? கேட்டது யாருன்னு மேல போடணும். இந்த பெட்ல கேட்ட மாதிரி எனக்குக் காதுல விழலை."

நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"யாரும் கேக்கலை. நான் சொல்றேன். நான் டாக்டர்."

"சரிங்க."

போயிற்று என்று நினைத்தாள். ஆனால் பேனா நிற்கவில்லை.

"டாக்டர் சிபாரிசுன்னு போட்டுக்கறேன். எதுக்குன்னு கீழ ஒரு வரி வேணுங்க. அவங்க கேப்பாங்க. குழந்தைக்கு ஏதாவது ஆபத்துங்களா?"

"இல்லை. துடிப்பு நல்லாருக்கு."

"அவங்களுக்கு?"

"இல்லை."

"ஆபத்து இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினான். "இருந்து பாத்தா என்ன ஆகுங்க?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாகும்."

"நேரமாகும்." எழுதினான். "இதுக்குப் பதிலா வேற ஏதாவது உண்டுங்களா?"

டாக்டர் பலகையைக் கழற்றிக் கையில் எடுத்தார். "நடக்கலாம்" என்றாள் நர்ஸ், சுவரைப் பார்த்தபடியே.

"நடக்கறது, ஒண்ணு." புத்தகத்தோடு அவள் பக்கம் திரும்பினான். வலி இறங்கியிருந்தது. அதே குரலில் கேட்டான். "மேடம், உங்களுக்கு என்ன வேணும்?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கியது. சிரித்து முடித்தால் வாய் திரும்பி வந்திருந்தது.

"நடக்கணும். ஒரு மணி நேரம். அப்புறம் வாங்க டாக்டர். வந்து என்னைக் கேளுங்க."

அவன் எழுதினான். அடியில் கோடு இழுத்தான். பதினாலு வருடப் பழக்கத்தில் மேல் தாளைக் கிழித்து, டாக்டர் கையில் இருந்த பலகையில் செருகிவிட்டான். கார்பன் காப்பி புத்தகத்தில் நின்றது. மேல் தாள் எப்போதும் சமையல்கட்டுக்குத்தான்.

டாக்டர் அந்தத் தாளைப் படித்தார். அது சரியாகச் செருகாமல் சாய்ந்ததால் கீழே இருந்ததையும் தூக்கிப் பார்த்தார். அட்டை வந்தது. நான்கு வரி, தெரிந்த கையெழுத்து. காது நுனி சிவந்தது. சின்னப் பையன்தான், பாவம் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒரு மணி நேரம்" என்றார், அவளைப் பார்த்து. உள்ளே வந்ததிலிருந்து அவளைப் பார்த்தது அப்போதுதான். "கால் மணிக்கு ஒரு தடவை துடிப்பைப் பாக்கணும். அதையும் எழுதிக்கங்க சார். அது என் ஆர்டர்."

"சரிங்க" என்றான் அவன். அந்தச் சரிங்கவை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

வெளி நடையில் நடந்தார்கள். இந்த முனையில் ஜன்னல், அந்த முனையில் லிஃப்ட். வலி வரும்போது அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவாள். போனதும் நடப்பாள்.

"எங்கேர்ந்து வந்துச்சு அது?"

"நாலாம் டேபிள்ல ஒருத்தர் வருவாரு. குடும்பமே வரும், பன்னிரண்டு பேர். யாரையும் கேக்காம எல்லாருக்கும் அவரே சொல்வாரு. இவளுக்கு சூப், அவனுக்கு ஜூஸ்னு. நான் படிச்சுக் காட்டுவேன். படிக்கும்போது ஒவ்வொருத்தர் முகத்தையும் பாப்பேன். எனக்கு சூப் வேணாம்னு ஒரு பாட்டம்மா சொல்வாங்க. அப்புறம் எல்லாரும் மாத்துவாங்க." அவன் அவள் முதுகை அமுக்கிவிட்டான். "டாக்டர் என்னைப் பாத்து சொன்னாருல்ல, அப்ப அவர் முகம் அப்படியே நாலாம் டேபிள்."

"ஒத்திகையில இதை ஏன் செய்யலை?"

"நீ ஆர்டர் புஸ்தகத்தை எடுக்க விடலையே. கையைக் கட்டிட்டு நில்லுன்னே."

உண்மைதான். நெஞ்சை நிமிர்த்து, கையைக் கட்டு, கண்ணைப் பார்த்துச் சொல்லு என்று அவள்தான் பழக்கினாள். ஓட்டுகிறவன் எப்படி உட்கார்ந்தால் ஓட்டுவான் என்று பார்க்காமல் சீட்டைத் தன் அளவுக்கு வைத்திருக்கிறாள். கற்றுக்குட்டி டீச்சர்கூட செய்யாத தப்பு. அதைச் சொல்ல வாயெடுத்தாள். வலி வந்துவிட்டது. இந்த வலி பழைய வலிகளுக்கெல்லாம் அண்ணன்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முக்காலியை இழுத்து அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார். வலி போகும்வரை காத்திருந்தார்.

"எட்டு சென்டிமீட்டர். நடந்தது வேலை செஞ்சிருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும். கடைசி ரெண்டு தடவை, வலி வரும்போது துடிப்பு கொஞ்சம் இறங்குது. திரும்ப ஏறிடுது. பயப்படற அளவு இல்லை. உள்ளே தண்ணி என்ன நிறம்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி. அதுக்குப் பனிக்குடத்தை உடைக்கணும். ட்ரிப் வேண்டாம். இன்னும் கொஞ்சம் காத்திருக்கவும் முடியும். எனக்குக் காத்திருக்க மனசில்லை. உடைக்கலாமா?"

கணவன் பேனாவை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். நர்ஸும் பார்த்தாள். அறையில் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

தட்டில் அதே நீளமான கொக்கி இருந்தது. போன முறை செய்த அதே காரியம்தான். அவள் நான்கு பக்கத்தில் முதல் வரியாக வேண்டாம் என்று எழுதியிருந்த காரியம்.

"உடைங்க டாக்டர்."

"எழுதட்டுமா?" என்றான் கணவன்.

"எழுதுங்க. இது இந்த டேபிளுக்குன்னு எழுதுங்க."

தண்ணீர் தெளிவாக இருந்தது. டாக்டர் பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது.

பிறகு எல்லாம் இறக்கத்தில் போகும் வண்டிபோலப் போயிற்று. அவள் முட்டி போட்டுத் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டாள். படுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நர்ஸ் குரல் மட்டும் காதருகே வந்தது.

"இப்ப முக்காதீங்க. ஊதுங்க. சூடான காபியை ஊதற மாதிரி."

"எனக்குக் காபி பிடிக்காது."

"பால்னு வச்சுக்கங்க. ஊதுங்க."

ஊதினாள். எரிந்தது. திரும்பிப் பார்த்தபோது டாக்டர் கை தட்டுப் பக்கம் போயிருந்தது. தட்டில் கத்தரி. அவர் கை அந்தரத்தில் நின்றது.

"பக்கத்துல எடுத்து வச்சுக்கறேன்" என்றார். "அவ்வளவுதான். வேணும்னா கேப்பேன்."

"கேளுங்க" என்றாள். அவளுக்கு அந்த நிலை நன்றாகத் தெரியும். கால் பிரேக்குக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கும். மிதிக்காது. அப்படி நிற்பது மிதிப்பதைவிடக் கஷ்டம்.

அவர் கேட்கவில்லை. நான்கு பத்துக்குக் குழந்தை நர்ஸின் கையில் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. வந்த வேகத்தில் கத்தியது. கால்களுக்கு நடுவே அதைத் தூக்கி நீட்டினார்கள். அவளே வாங்கி நெஞ்சில் போட்டுக்கொண்டாள்.

"பொண்ணு, ஒண்ணு" என்றான் கணவன். எழுத முயன்றான். கண்ணீரில் மை கலைந்தது. புத்தகத்தை ஏப்ரன் பையில் போட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

சற்று நேரம் கழித்து டாக்டர் காலடியில் இருந்து தலையைத் தூக்கினார்.

"சின்னதா ஒரு கீறல். தானாவும் ஆறிடும். ஒரே ஒரு தையல் போட்டா சீக்கிரம் ஆறும். போடலாமா?"

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. அவருக்கு ஏன் என்று தெரியவில்லை. ஊசியோடு காத்திருந்தார்.

"போடுங்க" என்றாள், சிரித்து முடித்து.

ஐந்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். கதவருகே நின்று நெஞ்சில் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தார். டியூட்டி டாக்டரைப் பார்த்தார். கணவனைப் பார்த்தார்.

"கேட்டாரா?"

"கேட்டாரு. ரெண்டு தடவை" என்றாள் அவள். "உங்களுக்கு என்ன ஆச்சு?"

"மூணு மணிக்குத்தான் கூப்பிட்டாங்க." கார் சாவியை விரலில் சுழற்றினார். "டெஸ்ட் எடுத்த ஆள் ஒரு தடவைகூட பிரேக்ல காலை வைக்கலை டீச்சர். நான் பாத்துட்டே இருந்தேன்."

"ரோட்டைப் பாக்காம அவர் காலையா பாத்தீங்க?"

"ரெண்டையும் பாத்தேன். பாஸ்."

கணவன் கை தட்டினான். நர்ஸும் தட்டினாள். குழந்தை திடுக்கிட்டு மறுபடி தூங்கியது.

"தனியா ஓட்டிட்டா வந்தீங்க?"

"தனியாத்தான்."

"வண்டியை எங்க நிறுத்தினீங்க?"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். கணவன் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தான்.

"என்னங்க, எப்படி இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு" என்றான். பழக்கம். பிறகு தொண்டையைச் செருமினான். "படிச்சுக் காட்டிடறேன். நம்ம வண்டி, ஒண்ணு. அது பிடிச்சிருக்கற இடம், மூணு. பின்னாடி ஆம்புலன்ஸ், ஒண்ணு. அது ஹாரன் அடிக்குது."

"போய் நேரா வச்சுட்டு வாங்க டாக்டரம்மா."

"நானா? இவர் வந்து கை காட்டுவாரா?"

"வேணும்னா கேளுங்க. வருவாரு."

டாக்டரம்மா யோசித்தார். "வேணாம்" என்றார். படியிறங்கும் சத்தம் கேட்டது.

கணவன் ஜன்னலில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஏறிட்டாங்க. கண்ணாடி பாக்கறாங்க. தோளைத் திருப்பறாங்க. பின்னாடி வராங்க. இன்னும் வராங்க. சுவர் இருக்கு.

போர்வைக்குள் அவளுடைய வலது கால் நீண்டு எதையோ தேடியது. அவள் அதை மடக்கி வைத்துக்கொண்டாள்.

"நின்னுட்டாங்க" என்றான்.